வீட்டுத்திட்டமும் வேலையும்: குச்சவெளிக் கரையிலிருந்து ஒரு சின்ன வரலாறு

எங்கட பக்கத்தில் 'வீட்டுத்திட்டம்' என்பது ஒரே சொல். வீடு வேறு, திட்டம் வேறு என்று யாரும் பிரித்துப் பேசுவதில்லை. "அவைக்கு வீட்டுத்திட்டம் கிடைச்சிட்டுது" என்றால் அந்தக் குடும்பத்தின் அடுத்த இரண்டு மூன்று வருடக் கதையே அதற்குள் இருக்கும். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போய்ப் பாருங்கள். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, ஏறத்தாழ 35 கிலோமீற்றரில் குச்சவெளி, அதற்கப்பால் திரியாய், புல்மோட்டை. வீட்டின் முகத்தைப் பார்த்தே அது எந்தக் காலத்து வீடு என்று ஊர்ச்சனம் சொல்லிவிடும். இது சுனாமி வீடு, அது உலக வங்கிக் காசில் வந்த நேர்ப் வீடு, அங்கால நிற்பது இந்தியன் வீடு. இன்னும் சில கூரையில்லாமல் நிற்கும். அவற்றுக்கும் ஒரு காலம் உண்டு.

இதே வீதியில் இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழும். "சும்மா குடுத்துக் குடுத்துத்தான் சனம் சோம்பேறியாப் போச்சுது." கடை வாசலில், கந்தோரில், சில நேரம் விரிவுரை மண்டபத்தில்கூட. வீட்டுத்திட்டம், நிவாரணம், சமுர்த்தி, அஸ்வெசும எல்லாம் சேர்ந்து ஏழைச் சனத்தின் உழைக்கும் ஆசையைக் கெடுத்துவிட்டதாம்.

இதைக் கேட்டுக் கோபப்படுவது லேசு. ஆனால் நாங்கள் இதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறோம். வருமானம் குறைந்த ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்தால் அந்த வீட்டு ஆட்களின் வேலைக்கு என்ன நடக்கிறது? கூடுகிறதா, குறைகிறதா, வேறு வேலையாக மாறுகிறதா? கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்குத் தெரிந்த வழி, இதுவரை என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்ப்பது.

வேலை இருக்கும்வரை வீடு

முதலில் கரையை விட்டு மலைக்குப் போவோம். இந்தத் தீவில் ஏழைத் தொழிலாளருக்குப் பெரிய அளவில் வீடு கொடுத்த மிகப் பழைய ஏற்பாடுகளில் ஒன்று தோட்டத்து லயன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சனத்துக்குத் தோட்டம் கொடுத்த காம்பரா அது. அதற்கு வாடகை இல்லை. ஆனால் அது இலவசமும் இல்லை. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யவேண்டும் என்பதுதான் அதன் விலை. கொழுந்து எடுக்கிறவரை காம்பரா உண்டு. வேலையை விட்டால் கூரையும் கேள்விக்குறி.

எனவே 'வீடு கொடுத்தால் சனம் வேலை செய்யாது' என்று சொல்கிறவர்கள் லயனை நினைக்கவேண்டும். அங்கே வீட்டைக் காட்டியே சனத்தை வேலையில் கட்டிப்போட்டார்கள். கூடக் கூலி தருகிற வேறு வேலைக்குப் போகமுடியாமல், போனாலும் அம்மாவோ அக்காவோ மலையில் நிற்கவேண்டிய கட்டாயத்தோடு, பல தலைமுறை போனது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கும் திருகோணமலைப் பக்கத்துக்கும் வந்த குடும்பங்கள் காட்டை வெட்டிக் கொட்டில் போட்டபோது, தோட்டத்துரைக்குச் சொந்தமில்லாத ஒரு கூரையைத்தான் முதலில் தேடினார்கள். இந்திய உதவியில் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டத் தொடங்கியபோது 7 பேர்ச் காணியும் உறுதியும் பற்றி அவ்வளவு பேச்சு நடந்ததற்குக் காரணமும் இதுதான். வீடு தன் பெயரில் இருந்தால் வேலையைத் தெரிவு செய்யலாம்.

பத்து இலட்சம் வீடுகளும் எரிந்த வீடுகளும்

1977க்குப் பிறகு வீடமைப்பை அரசியலின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் ரணசிங்க பிரேமதாச. 1978இல் ஒரு இலட்சம் வீட்டுத்திட்டம், 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை, 1984இல் பத்து இலட்சம் வீட்டுத்திட்டம். முதல் திட்டத்தில் அரசாங்கம் தன் கையாலேயே நிறையக் கட்டியது. செலவு தாங்கவில்லை. எனவே இரண்டாவது திட்டத்தில் கொள்கையே மாறியது. அரசாங்கம் வீடு கட்டாது, சின்னக் கடன் தரும், குடும்பம் தானே கட்டவேண்டும்.

வேலை என்ற கண்ணால் பார்த்தால் இந்த மாற்றம் பெரியது. வீட்டைக் கட்டுகிற உழைப்பு பெரிய கொந்தராத்துக்காரரிடமிருந்து ஊர் மேசனிடமும் தச்சனிடமும் குடும்பத்திடமும் வந்தது. கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளில் கிணறு, வடிகால், பொதுக் குழாய் போன்ற வேலைகளை அங்கே வாழும் சனத்தின் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கிற முறையும் அந்தக் காலத்தில்தான் வந்தது. 'சமுதாய ஒப்பந்தம்' என்று இன்றைக்கு நிறுவனங்கள் பேசுவதற்கு வேர் அங்கே இருக்கிறது. 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் அறிவித்தபோது, அந்த யோசனையை முதலில் முன்வைத்தவரும் பிரேமதாசதான்.

ஆனால் இதே காலத்தில் குச்சவெளிக் கரையில் என்ன நடந்தது? 1985இல் திரியாயில் வீடுகள் எரிக்கப்பட்டன. சனம் காட்டாலும் கரையாலும் ஓடியது. திரும்பி வந்தவர்கள் 1990இல் மறுபடியும் ஓடினார்கள். நாட்டின் ஒரு பக்கத்தில் பத்து இலட்சம் வீடு எழும்பிக்கொண்டிருந்தபோது இந்தப் பக்கத்தில் இருந்த வீடும் போனது. வயல், குளம், மாடு, வலை, வள்ளம் எல்லாம் வீட்டைச் சுற்றித்தான் இருந்தன. ஆகவே வீட்டோடு தொழிலும் போனது. முகாமில் இருந்தவருக்கு உலர் உணவு கிடைத்தது, கூலிவேலை எப்போதாவது கிடைத்தது. 'சும்மா இருந்து சாப்பிட்ட சனம்' என்று பிறகு சொல்லப்பட்டவர்கள் இப்படித்தான் உருவானார்கள். ஒன்றும் கொடுக்காமல் எல்லாவற்றையும் பறித்ததால் வந்த நிலை அது.

200 மீற்றர்

2004 டிசம்பர் 26. இலங்கையில் 35,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். நாடு முழுவதும் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வேலையை இழந்ததாகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு அடுத்த மாதமே மதிப்பிட்டது. கடற்றொழில் செய்தவர்களுக்கு வீடும் தொழிலும் ஒரே காலையில், ஒரே அலையில் போயின.

அரசாங்கம் இரண்டு வழி வைத்தது. கரையோரத் தடை வலயத்துக்கு வெளியே காணி உள்ளவர்கள் தாங்களே கட்டலாம். முழுச் சேதத்துக்கு 250,000 ரூபாய் நான்கு தவணையில், பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபாய் இரண்டு தவணையில். தடை வலயத்துக்குள் இருந்தவர்களுக்கு உள்ளே வேறு காணியில் நிறுவனங்கள் கட்டித்தரும். அந்த வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர்.

இந்த 200 மீற்றர்தான் எங்கள் கேள்வியின் மையம். வெளியாளுக்கு அது பாதுகாப்பு. கரைவலைக்காரருக்கு அது வேறு கணக்கு. கரைவலை இழுக்க ஒரே நேரத்தில் நிறையக் கை வேண்டும். விடியப்புறம் மீன் கூட்டம் தெரிந்தவுடன் ஆளைக் கூப்பிடவேண்டும். கூப்பிட்ட தூரத்தில் இருப்பவனுக்குத்தான் பங்கு. வலை, இயந்திரம், வள்ளம் எல்லாம் கரையில் கிடக்கும், அதை இரவில் யாராவது பார்க்கவேண்டும். கருவாடு போடுகிற பெண்களுக்கு மணலும் வெயிலும் வீட்டு வாசலிலேயே இருந்தன. இரண்டு மூன்று கிலோமீற்றர் உள்ளே போனால், காலையில் கடலைப் பார்த்து 'இண்டைக்குப் போகலாமா' என்று தீர்மானிக்கிற வசதியே போய்விடும். சைக்கிளில் வந்து சேருமுன் வலை ஏறிவிடும்.

அதே நேரத்தில் சுற்றுலா விடுதிகளுக்கு அந்தத் தடையில் விலக்கு இருந்தது. கடலோடு சீவிக்கிறவன் கடலைவிட்டுத் தள்ளிப் போகவேண்டும், கடலைப் பார்க்க வருகிறவனுக்கு அறை கரையிலேயே இருக்கலாம் என்றால் சனம் சந்தேகப்படாமல் என்ன செய்யும்? எதிர்ப்புப் பெருகி, ஓராண்டு முடிகிறதுக்கிடையில் அந்த வரம்பைத் தளர்த்தவேண்டி வந்தது. ஆனால் அதற்குள் பல குடும்பங்களின் பெயர் உள்பக்கக் காணிப் பட்டியலில் ஏறிவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2005இலும் 2006இலும் இந்தக் கரை முழுவதும் கட்டட வேலை. மேசனுக்கும் தச்சனுக்கும் தட்டுப்பாடு வந்து கூலி வெகுவாக ஏறியது. வள்ளம் இழந்த இளம் பெடியங்கள் கல் அரியவும் சாந்து குழைக்கவும் போனார்கள். சிலர் அங்கேயே தொழில் பழகி மேசனானார்கள். காசுக்கு வேலை என்று நிறுவனங்கள் குப்பை அள்ள, கிணறு இறைக்க ஆட்களை எடுத்தன. வீட்டுத்திட்டமே கொஞ்சக் காலத்துக்கு ஊரின் பெரிய தொழிலாக இருந்தது. ஆனால் கூலி ஏறினால் வீட்டின் விலையும் ஏறும். 250,000 ரூபாய் என்று கணக்குப் போட்டது அலைக்குப் பிந்திய விலைவாசிக்குப் போதவில்லை. மேசனுக்கு வந்த நல்ல காலமே வீட்டுக்காரனின் கடனாகவும் ஆனது. பல வேளை இருவரும் ஒரே ஆள்தான்.

பிறகு யுத்தம். சுனாமி நிதியைப் பகிர்வதற்கான பொதுக்கட்டமைப்பு 2005 ஜூன் 24இல் கைச்சாத்தாகி, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தில் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விழுந்தது. 2006இல் திருகோணமலையில் சண்டை மூண்டது. கடலுக்குப் போக அனுமதி, நேரக் கட்டுப்பாடு, இயந்திர வலுவில் கட்டுப்பாடு எல்லாம் வந்தன. புது வீட்டுக்குப் பால் காய்ச்சின குடும்பத்துக்குக் கடல் மூடிக்கிடந்தது. அந்த ஆண்டுகளில் வீடு கிடைத்தவர்கள் வேலை செய்யவில்லை என்று யாராவது கணக்கெடுத்திருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் காரணம் வீடா, கடற்படைத் தடையா?

இந்தியன் வீடு

யுத்தம் முடிந்தபின் 2010இல் இந்தியா 50,000 வீடுகள் தருவதாக அறிவித்தது. முதலில் 1,000 வீடுகள் வடக்கில் கொந்தராத்து முறையில் கட்டப்பட்டன. 2012 ஒக்ரோபர் 2, காந்தி பிறந்தநாளில் வடக்குக் கிழக்குக்கான 45,000 வீடுகளின் பகுதி தொடங்கியது. இது 'பயனாளியே கட்டுகிற' முறை. புது வீட்டுக்கு 550,000 ரூபாய், திருத்துவதற்கு 250,000 ரூபாய். காசு தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வரும். அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒன்று, கூரைக்கு ஒன்று.

இதில் நல்லது நிறைய உண்டு. இடையில் கொந்தராத்துக்காரன் இல்லை. வீடு எப்படி இருக்கவேண்டும் என்று குடும்பம் தீர்மானிக்கும். ஊர் மேசனுக்கும் மணல் ஏற்றும் உழவு இயந்திரக்காரனுக்கும் கல் அரிகிற பெண்களுக்கும் காசு போகும். ஆனால் 'தவணை' என்பதற்குள் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு. முடிப்பதற்கு முதலில் காசு வேண்டும். ஆகவே ஹார்ட்வெயாரில் கடன், நகை அடகு, கைமாற்று. வீட்டுக்காரர் மேசனோடு கூட நின்றால்தான் சீமெந்து வீணாகாது, சுவருக்குத் தண்ணீர் அடிக்கவேண்டும், இரவில் கம்பியைக் காக்கவேண்டும். அப்படி நிற்கிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. கிழக்குக் கரையில் தென்மேல் பருவக்காற்றுக் காலம்தான் கடல் அமைதியாய் இருக்கிற உழைப்புக் காலம். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்தே மீனவர் வந்து வாடி போடுகிற மாதங்கள் அவை. மழையில்லாததால் வீடு கட்ட நல்ல காலமும் அதுவே. எதற்குப் போவது? கடலுக்கா, கட்டடத்துக்கா?

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்று பழையாட்கள் சொன்னதை நாங்கள் செலவுக் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது வேலைக் கணக்கும்கூட. வீடு கட்டுவது ஒரு வருடத்தின் உழைப்பை விழுங்குகிற வேலை. சம்பளமில்லாத வேலை. அந்த வருடத்தில் ஒருவர் 'வேலைக்குப் போகவில்லை' என்று யாராவது எழுதினால், அவர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

கொழும்பிலுள்ள வறுமை ஆராய்ச்சி நிலையம் 2014இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவில் வீட்டுத்திட்டம் பெற்றவர்களின் கடன் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 'வாழ்வும் கடனும்' என்ற பொருளில் அதன் தலைப்பு. வீட்டு உதவியும் கடனும் அந்தக் குடும்பங்களில் எப்படிக் கூடவே வளர்ந்தன என்று அது காட்டியது. நிரந்தர வருமானம் இல்லாத இடத்தில் வீட்டை மட்டும் கொடுத்தால் வீடு ஒரு சொத்தாகவும் ஒரு சுமையாகவும் ஒரே நேரத்தில் வரும். கடனைக் கட்டக் கிடைத்த வேலைக்கெல்லாம் போகவேண்டும். சோம்பல் எங்கே இருக்கிறது இதில்?

வேலையும் வீடும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இரும்பு வீட்டுக் கதை நல்ல சாட்சி. வடக்குக் கிழக்குக்கு 65,000 முன்பொருத்து இரும்பு வீடுகளை ஆர்செலர்மித்தல் என்ற பன்னாட்டு நிறுவனத்திடம் வாங்க அரசாங்கம் 2016இல் தயாரானது. ஒன்றுக்கு 21 இலட்சம் ரூபாய்க்கு மேல். எதிர்த்தவர்கள் வெக்கை, துரு, ஆயுள் என்று பல காரணம் சொன்னார்கள். அதில் முக்கியமான ஒன்று, கல்வீடு கட்டினால் அந்தக் காசு ஊர் மேசனிடமும் தச்சனிடமும் கல் அரிபவரிடமும் சுற்றும், இரும்பு வீடு பெட்டியில் வந்து இறங்கும், காசு வெளிநாட்டுக்குப் போகும் என்பது. இந்தியன் வீடுகள் முடிந்து கட்டட வேலை காய்ந்துபோயிருந்த நேரம் அது. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு வீட்டுத்திட்டத்தை 'யாருக்கு வேலை தரும்' என்று கேட்டு எதிர்த்த அந்த வாதம் எங்கள் தலைமுறை மறக்கக்கூடாத ஒன்று.

பாதியில் நிற்கும் சுவர்கள்

2019க்கு முன் வீடமைப்பு அமைச்சு 'செமட்ட செவண' என்ற பெயரில் மாதிரிக் கிராமங்களைத் தொடங்கியது. கிழக்கிலும் நிறையத் தொடங்கினார்கள். இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டு அத்திவாரம் போட்டவர்கள் பலர். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது, தவணைகள் நின்றன. சுவர் நின்றது, கூரை வரவில்லை. பிறகு பொருளாதார நெருக்கடி. ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட இருந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தொடுகிற அளவுக்குப் போனது.

அந்தச் சுவர்களை வீதியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பாதிக் கட்டடம். உள்ளே இருப்பது பல குடும்பங்களின் நின்றுபோன உழைப்பு. வீட்டுத்திட்டம் குடும்பத்தின் வேலையைப் பாதிக்கிற மிக மோசமான வழி இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கொடுப்பதைவிட, பாதியில் நிறுத்துவது.

வெளியூர் ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1997இல் சிக்காகோவில் வாடகை உதவிச் சீட்டுக்கு எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்க, லொத்தர் போட்டு வரிசை தீர்மானித்தார்கள். பிரையன் ஜேக்கப், ஜென்ஸ் லட்விக் என்ற இரு பொருளியலாளர்கள் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு 2012இல் எழுதினார்கள். சீட்டுக் கிடைத்தவர்களில் வேலை செய்பவர் வீதம் ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி குறைந்தது, உழைப்பு வருமானம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. சோம்பேறி வாதக்காரருக்கு நல்ல தீனி.

ஆனால் அந்தத் திட்டத்தின் விதியைப் பாருங்கள். குடும்பம் தன் வருமானத்தில் 30 சதவீதமளவு வாடகையாகக் கட்டும், மிச்சத்தை அரசாங்கம் போடும். கூட உழைத்தால் வாடகைப் பங்கும் கூடும். நூறு ரூபாய் மேலதிகமாக உழைத்தால் முப்பது போய்விடும். அது மாதாமாதம் தொடர்கிற உதவி. எங்கட வீட்டுத்திட்டம் ஒருமுறை தருவது. வீடு முடிந்தபின் நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் வீட்டை யாரும் குறைக்கமாட்டார்கள். ஆகவே சிக்காகோவின் முடிவை அப்படியே குச்சவெளிக்குக் கொண்டுவரமுடியாது.

எங்களுக்குக் கிட்டவான ஆய்வு அகமதாபாத்தில் இருக்கிறது. 1987இல் ஏழைப் பெண்களுக்கு லொத்தர் போட்டு நகருக்கு வெளியே ஏறத்தாழ 12 கிலோமீற்றரில் வீடு கொடுத்தார்கள். 14 வருடத்துக்குப் பிறகு ஷரோன் பார்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகியோர் போய்ப் பார்த்தபோது, வென்றவர்களின் வருமானம் தோற்றவர்களைவிடக் கூடியிருக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கினர் குடியே போகவில்லை. போனவர்களிலும் பலர் திரும்பிவிட்டார்கள். வீடு நல்லதுதான். ஆனால் சொந்தக்காரர், பழகின சனம், ஆபத்துக்குக் கைகொடுப்பவர் எல்லாம் தூரமாகிவிட்டார்கள். சென்னையில் கூவக் கரையிலிருந்தும் நகர் நடுவிலிருந்தும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டவர்களின் கதையும் இதுவே. வீட்டுவேலைக்குப் போன பெண்கள் பஸ் காசுக்கும் நேரத்துக்கும் ஈடுகொடுக்கமுடியாமல் வேலையை விட்டார்கள். முகவரியைச் சொன்னாலே வேலை இல்லை என்ற அவமானத்தை அங்கே வளர்ந்த இளைஞர் சந்தித்தார்கள். 200 மீற்றர் கதையை இதோடு வைத்துப் படியுங்கள்.

மறுபக்கம் பெரு நாட்டின் லீமா. அங்கே 1990களில் குடிசைப் பகுதிச் சனத்துக்குக் காணி உறுதி கொடுத்தபோது, வீட்டுக்கு வெளியே வேலை செய்யும் நேரம் கூடியது என்று எரிக்கா ஃபீல்ட் 2007இல் எழுதினார். முன்பு யாராவது ஒருவர் வீட்டைக் காத்துக்கொண்டு இருக்கவேண்டும், இல்லையென்றால் காணி போய்விடும். உறுதி கைக்கு வந்தபின் அந்த ஆளும் வேலைக்குப் போகலாம். மீள்குடியேறி, பெர்மிட்டும் இல்லாமல் கொட்டிலைக் காத்துக்கொண்டிருந்த எங்கட பக்கத்து அம்மாமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மகளுக்கு ஒரு வீடு

இந்த ஆய்வுகளில் வராத ஒன்று கிழக்கில் உண்டு. எங்கட தமிழ்ச் சனத்திடமும் முஸ்லிம் சனத்திடமும் வீடு பெண்ணோடு போகும். கல்யாணம் பேசும்போது மகளுக்கு வீடு இருக்கவேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். ஆகவே இங்கே சனம் ஏன் உழைக்கிறது என்று கேட்டால், பல வீடுகளில் பதில் 'மகளுக்கு ஒரு வீடு' என்பதுதான். அப்பா பருவம் பருவமாகக் கடலுக்குப் போனதும், அம்மா குவைத்துக்கும் சவூதிக்கும் போனதும் அதற்காகத்தான். வீடு உழைப்பின் முடிவு. வெளியூர் ஆய்வில் அது தொடக்கம்.

அப்படியானால் வீட்டுத்திட்டம் என்ன செய்கிறது? 550,000 ரூபாயில் வீடு முழுமையாக முடிந்தால், ஒரு தாய் வெளிநாடு போகாமல் பிள்ளைகளோடு நிற்கலாம். வெங்காயத் தோட்டத்திலோ உப்பளத்திலோ உள்ளூரில் கிடைக்கிற வேலை செய்யலாம். ஒரு கணக்கெடுப்பில் அது 'வருமானம் குறைந்தது' என்று வரலாம். அதை நாங்கள் சோம்பல் என்பதா, விடுதலை என்பதா? வீடு முடியாமல் கடன் ஏறினால் இதற்கு நேர்மாறு. அதே தாய் கடனைக் கட்ட விமானம் ஏறுவார். தவணை பிந்துவதும் சீமெந்து விலை ஏறுவதும் ஒரு தாய் எந்த நாட்டில் தூங்குவார் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இதில் இன்னொரு சிக்கலையும் திட்டங்கள் கொண்டுவந்தன. சுனாமிக்குப் பிந்திய வீடுகளின் பத்திரம் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று கணவன் பெயருக்குப் போனது. வழமையில் பெண்ணுக்குரிய வீடு காகிதத்தில் ஆணுக்குப் போனது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை கேட்டுக் குரல் கொடுத்தது இதனால்தான். வீடு தன் பெயரில் இருக்கிற பெண், வாசலில் கடை போடுவதும் தையல் மெஷின் வைப்பதும் தன் முடிவு. பெயர் மாறினால் அந்த முடிவும் மாறும்.

இன்றைக்கு

2023 ஜூலையிலிருந்து சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. யார் ஏழை என்று தீர்மானிக்க ஆறு துறைகளில் 22 சுட்டிகளைப் பார்க்கிறார்கள். அதில் ஒரு துறை வீட்டின் நிலை. கல்வீடு இருந்தால் வறுமைப் புள்ளி மாறும். யோசித்துப் பாருங்கள். யுத்தத்தில் வீடு எரிந்ததால் வீட்டுத்திட்டம் கிடைத்தது. கடன்பட்டு அதை முடித்தார்கள். இப்போது அந்தச் சுவரே 'இவர்கள் அவ்வளவு ஏழையில்லை' என்று சாட்சி சொல்கிறது. வீட்டைச் சாப்பிடமுடியாது. அது மாத வருமானமும் இல்லை. சிக்காகோவின் 30 சதவீத விதி உழைப்பைத் தண்டித்தது என்றால், இது வீட்டைக் கட்டி முடித்ததையே தண்டிக்கிறது. 'குடுத்துக் குடுத்துக் கெட்டுப்போன சனம்' என்று பேசுகிறவர்கள் இந்த விதியைப் பற்றி ஒரு நாளும் பேசுவதில்லை.

ஆக எங்கள் வாசிப்பில், வீட்டுத்திட்டம் வேலையைக் கெடுக்குமா கூட்டுமா என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. லயனில் வீடு ஆளை வேலையில் பூட்டியது. கரையில் 200 மீற்றர் தொழிலைத் தூரமாக்கியது. பயனாளியே கட்டிய முறை ஊருக்கு வேலையும் குடும்பத்துக்குக் கடனும் தந்தது. நின்றுபோன தவணை இரண்டையும் கெடுத்தது. இவை ஒன்றிலும் சனத்தின் குணம் காரணமில்லை. வீடு எங்கே, யார் கட்டுவது, காசு எப்போது வரும், பத்திரம் யார் பெயரில், பிறகு அந்த வீட்டை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பவைதான் காரணம்.

குச்சவெளிப் பிரதேசத்துக்கு அடுத்த வீட்டுத்திட்டமும் ஒருநாள் வரும். பட்டியல் எடுக்க ஆட்கள் வரும்போது எங்கட வயதுப் பெடியன் பெட்டையள்தான் படிவம் நிரப்பிக் கொடுக்கப்போகிறோம். 'எத்தனை வீடு' என்று மட்டும் கேட்காமல் இந்த ஐந்தையும் கேட்போம். கூட்டத்தில் எழும்பி நின்று கேட்போம், பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்வோம். அந்த வீட்டிலிருந்து காலையில் வேலைக்குப் போகப்போகிறவர் எங்கட அக்காவாகவோ தம்பியாகவோதான் இருக்கப்போகிறார்.